கதவுக்குள் இருக்கிறது கோளாறு

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆலங்காயம் வரை வருகிற கார்களில் பாட்டு ஓரளவு ஒழுங்காகவே கேட்கும். ஜவ்வாது மலை ஏற்றம் தொடங்கியதும் கதை மாறிவிடும். இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமும். டயர் இரைச்சல் கால்மாட்டிலிருந்து ஏறிவரும். காற்று நன்றாக இருக்கிறதென்று யாராவது கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். எஃப்.எம். ஒரு வளைவில் பாடும், அடுத்த வளைவில் இரையும். போனில் டவர் போய்விட, இணையத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த பாட்டும் பாதியில் நிற்கும். பென்டிரைவைச் செருகிச் சத்தத்தை ஏற்றினால், தபேலா தகர டப்பாவைத் தட்டுவது போலிருக்கும். காவலூரைக் கடந்து ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்வதற்குள், இந்தக் கம்பெனி செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு நல்லதாக மாட்ட வேண்டும் என்ற தீர்மானம் காருக்குள் ஒருமனதாக நிறைவேறியிருக்கும்.

புகார் நியாயமானது. குற்றவாளியைத்தான் தவறாகப் பிடித்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எட்டுவதும் டேஷ்போர்டில் இருக்கும் பெட்டி ஒன்றுதான் என்பதால் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் சரி, வேலூரில் ஒரு சின்னக் கடையானாலும் சரி, பாட்டு சரியில்லை என்று போய் நின்றால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது பளபளக்கும் பெரிய திரை கொண்ட ஆண்ட்ராய்டு செட்டாகத்தான் இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்பதைத்தானே அவர் கொடுப்பார்? ஆனால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி காதுக்கு வந்து சேர்வதில்லை, கண்ணோடு நின்றுவிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்திலும், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு பல ஆண்டுகளும், காரை வாங்கிய கையோடு செட்டைத் தனியாக வாங்கி மாட்டுவதுதான் வழக்கம். அதற்கென்றே டேஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பொந்து இருக்கும். ஜெர்மானியத் தர அளவு அது. எந்தக் கம்பெனி செட்டும் உள்ளே போகும், வெளியே வரும். கேசட் போய் சி.டி. வந்தபோதும், சி.டி. போய் யு.எஸ்.பி. வந்தபோதும் பெட்டியை மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்தது. இன்றைய கார்களில் அந்தப் பொந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பின்பக்கக் கேமரா, ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள், சில வண்டிகளில் ஏ.சி. கட்டுப்பாடு எல்லாம் அந்தத் திரையோடு பிணைந்து கிடக்கின்றன. பழைய கணக்கை வைத்துக்கொண்டு புதிய காரில் கைவைக்கிறோம்.

புதுப் பெட்டியின் அட்டையில் கொட்டை எழுத்தில் 50 வாட் பெருக்கல் 4 என்று இருக்குமே, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி மயக்கம் தெளியும். ஓடுகிற காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வருகிறது. அந்த 50 வாட்டின் பூர்வீகம் இதுதான்: பேட்டரி தரக்கூடிய அழுத்தம் முழுவதும் இடைவிடாமல் ஸ்பீக்கரில் போய் மோதினால் வருகிற கணக்கு. பாட்டு அப்படி ஓடுவதில்லை, ஏறி இறங்கும் அலையாக ஓடும். அந்த அலை சிதையாமல் வர வேண்டுமென்றால் 52இல் பாதி, 26 வாட்தான் உச்ச வரம்பு. செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சிப்பில் ஏற்படும் இழப்பு போக, கையில் நிற்பது ஏறக்குறைய 20 வாட். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண செட்டுகள் எல்லாவற்றுக்கும் இதே வரம்புதான். கம்பெனி செட்டுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே வகைச் சிப்தான். ஆக, பெட்டியை மட்டும் மாற்றுகிறவர் 20 வாட்டைக் கொடுத்துவிட்டு 20 வாட்டை வாங்கி வருகிறார்.

கதவின் உட்பக்க உறையை, மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்களே அதை, கழற்றிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மெல்லிய தகரம். அதில் கை நுழையுமளவுக்கு ஓட்டைகள். அவற்றின்மேல் மழைநீர் உள்ளே வராமலிருக்க ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள். கீழ் மூலையில் ஸ்பீக்கர். குறைந்த விலை மாடல்களில் அதைக் கழற்றிக் கையில் எடுத்தால் எடையே தெரியாது: பிளாஸ்டிக் சட்டம், காகிதக் கூம்பு, முதுகில் சின்னதாக ஒரு காந்தம். கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கம் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கம் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கீழ்ச்சுருதி அலைகள்தான் ஓட்டைகளின் வழியே எளிதில் வளைந்து வந்து இப்படி அழிகின்றன. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பது இதைத் தடுக்கத்தான். காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டும். சல்லடைக் கண்ணாகக் கிடக்கும் கதவு எப்படிச் செய்யும்? பேஸ் போதவில்லையென்று நாம் பேஸை ஏற்றுகிறோம். ஒரே அளவு சத்தத்துக்கு, சுருதி பாதியாகக் குறைந்தால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் 50இல் நான்கு, 25இல் பதினாறு. அந்தச் சின்னக் கூம்புக்கு ஏது அவ்வளவு இடம்? அது திணறுகிற சத்தத்தைத்தான் தகர டப்பா என்கிறோம்.

ஆகவே செலவைத் தொடங்க வேண்டிய இடம் கதவு. தகரத்தின்மேல் ஒட்டும் டேம்பிங் ஷீட், அதாவது பியூட்டைல் ரப்பரின்மேல் அலுமினியத் தாள் போர்த்திய பட்டை, இரண்டு வேலை செய்கிறது: தகரம் அதிர்வதைக் குறைக்கிறது, ஓட்டைகளை அடைக்கிறது. பிறகு முன் கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி. வாங்கும்போது வாட் எண்ணைப் பார்க்காமல் சென்சிடிவிட்டி என்று டெசிபலில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். மூன்று டெசிபல் கூடுதல் என்பது ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் எழுப்பும் சத்தத்துக்கு 88 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட் கேட்கும். 400 வாட், 500 வாட் என்று அட்டையில் மிரட்டும் கனமான ஸ்பீக்கரைக் கம்பெனி செட்டோடு இணைத்துவிட்டு, முன்னைவிடச் சத்தம் குறைந்துவிட்டதே என்று விழிப்பவர்களின் கதை இதுதான். பின் கதவு ஸ்பீக்கர்கள் காத்திருக்கலாம். முதுகுக்குப் பின்னால் பாடுகிற பாடகரைத் தேடி யார் கச்சேரிக்குப் போகிறார்கள்?

இரைச்சல் வேறு இருக்கிறது. மலைப்பாதையில் அதுதான் பெரிய எதிரி. ஓடும் காருக்குள் 70 டெசிபல் சத்தம் சர்வசாதாரணம். அதில் பெரும்பங்கு கீழ்ச்சுருதி உறுமல். அது பாட்டின் கீழ்ச்சுருதியைத்தான் முதலில் மூடி மறைக்கும். இந்த மலையிலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. விண்மீன்களின் மங்கிய ஒளியைப் பிடிக்க இடம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, 725 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு நடுவே இருந்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத வானம் அங்கே கிடைத்தது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய வானாய்வகம் அது. அவர் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது 1986இல். முதலில் இருட்டு, அப்புறம்தான் பெரிய கண்ணாடி. காருக்கும் அதே வரிசைதான் பொருந்தும். தேய்ந்துபோன கதவு ரப்பரை மாற்றுவது, டயரில் காற்றைச் சரியாக வைப்பது, ஆடுகிற நம்பர் பிளேட்டை இறுக்குவது, கண்ணாடியை ஏற்றிவிடுவது ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் ஆம்ப்ளிஃபயரின் வேலையில் பாதியைச் செய்துவிடும். அதிகம் செலவில்லாத காரியங்கள் என்பதாலேயே இவற்றை யாரும் மதிப்பதில்லை.

ரேடியோவின் சங்கதி வேறு. எஃப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர்தான்; அது மலையைச் சுற்றி வளைந்து வராது, நேர்கோட்டில் கண்ணுக்கு எட்டுவது போலத்தான் போகும். கொடைக்கானல் பண்பலையின் 100.5 பல மாவட்டங்களில் கேட்பதற்குக் காரணம் அதன் கோபுரம் உச்சியில் நிற்பதுதான். ஜவ்வாது மலையின் பள்ளத்துக்குள் வண்டி இறங்கிவிட்டால் எந்தப் பெட்டியாலும் இல்லாத அலையைப் பிடிக்க முடியாது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளமோ 400 மீட்டருக்கு மேல்; குன்றுகள் அதற்குப் பெரிய தடையல்ல. விலை மலிந்த ஆண்ட்ராய்டு செட்டுகள் பலவற்றில் சிக்கனம் பிடிக்கப்படுவது இந்த ரேடியோ பகுதியில்தான். போதாததற்கு, ஆகாசவாணி டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்பையும் நடத்துகிறது. நம் நாட்டில் ஓடும் பல லட்சம் கார்களின் கம்பெனி செட்டில் அதை வாங்கும் வசதி பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியொன்று இருப்பது தெரியாமலேயே செட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

அப்படியானால் பெட்டியை மாற்றவே கூடாதா என்று கேட்கலாம். பத்து, பதினைந்து வருடத்து வண்டி, ப்ளூடூத் இல்லை, போன் பேச வழியில்லை, பழைய பொந்து அப்படியே இருக்கிறது என்றால் தாராளமாக மாற்றலாம். அங்கே மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. வரைபடமும் கேமராவும் வேண்டும் என்பவருக்கும் திரை தேவைதான். அது வசதிக்கான செலவு என்று தெரிந்து செய்தால் சரி. இன்னொரு கேள்வியும் வரும்: கார் கம்பெனியின் பொறியாளர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது? அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் கியா செல்டாஸின் உயர் ரகத்தில் போஸ், மகிந்திரா எக்ஸ்யூவி 700இன் உயர் ரகத்தில் சோனி என்று கூடுதல் ஸ்பீக்கர்களோடு விற்றிருக்கிறார்கள். கீழ் ரகத்தில் வருவது விலைக்கேற்ற அளவு. பல கம்பெனி செட்டுகள் சத்தம் ஏறஏறப் பேஸைத் தாங்களாகவே குறைத்துக்கொள்வதும் அந்த எளிய ஸ்பீக்கர் கிழியாமலிருக்க எடுத்த முன்னெச்சரிக்கைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் அடிவயிற்றில் தட்டுகிற பேஸ் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். கதவு ஸ்பீக்கரால் அது ஆகாது. சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே அடங்கிய சின்ன சப்-ஊஃபர் நல்ல வழி. டிக்கியை அடைக்கும் பெரிய பெட்டி மலைக்கு மூட்டைமுடிச்சோடு போகும் குடும்பத்துக்கு உதவாது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே சிக்னலை எடுத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் கிடைக்கின்றன. கம்பெனி செட் இருந்த இடத்திலேயே இருக்கும். வாரன்டி போய்விடுமே என்ற பயம் வெற்றுப் பயமல்ல. ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் நாளைக்கு எந்த மின்கோளாறுக்கும் அதையே காரணம் காட்டுவார்கள். வண்டிக்கு ஏற்ற கப்ளர் வாங்கி, ஒரு ஒயரையும் வெட்டாமல் மாட்டித் தரும் கடையைத் தேடுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்கம்பியில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் கம்பி எங்காவது உரசினால் தீப்பிடிக்கும்.

பெட்டி எவ்வளவு நல்லதானாலும் பென்டிரைவில் இருப்பதைத்தானே பாடும்? எங்கிருந்தோ இறக்கிய, பிழிந்து சுருக்கிய பாட்டை நல்ல ஸ்பீக்கர் அழகாக்காது; அதன் அவலட்சணத்தைத் தெளிவாகக் காட்டும். பழைய பாட்டுப் பிரியர்களுக்கு ஒன்று: ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படமென்று சொல்லப்படும் 'ப்ரியா' வந்தது 1978இல். அதற்கு முந்தைய பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றை மட்டுமே கேட்பவர் பல ஸ்பீக்கர்களுக்குச் செலவழிப்பதில் பெரிய பயனில்லை.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றிருக்கிறது, மலையில் எங்காவது ஓரங்கட்டினால் அங்கேயே செய்யலாம். எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, அதே பாட்டை நடுத்தரச் சத்தத்தில் போடுங்கள். நன்றாகக் கேட்டால் உங்கள் சிக்கல் இரைச்சல். அப்போதும் மோசமென்றால் பேலன்ஸையும் ஃபேடரையும் திருப்பி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். ஏதோ ஒன்று மட்டும் கிழிந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் நன்றாக இருந்து, இரண்டு பக்கமும் சேர்ந்ததும் காணாமல் போனால், ஒரு கதவில் பிளஸ், மைனஸ் ஒயர்கள் மாறியிருக்கின்றன. வெளியே ஃபிட்டிங் செய்த வண்டிகளில் எளிதில் நேரக்கூடிய தவறு இது. திருத்தச் செலவு ஒன்றுமில்லை. புதிதாக மாட்டினால் இதே சோதனையைக் கடை வாசலிலேயே செய்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். டேம்பிங் ஷீட் ஒட்டும்போது கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடவில்லையே என்று குனிந்து பாருங்கள். அடைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு வந்து நிற்கும். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். காரை விற்கும் நாளில் அவற்றை மீண்டும் மாட்டிவிட்டு, புதியவற்றை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம்.