ரயில் இல்லாத மூன்று ஸ்டேஷன்கள்

கோடை விடுமுறையில் மூணாறு போகிறவர்கள் டாப் ஸ்டேஷனைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். வண்டியை விட்டு இறங்கியதும் குழந்தை கேட்கும்: “அம்மா, ரயில் எங்கே?” அம்மா, அப்பாவைப் பார்ப்பாள். அப்பா, மேகத்தைப் பார்ப்பார்!

குழந்தை கேட்டதில் தப்பே இல்லை, நேயர்களே. பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது. பிளாட்பாரம் இல்லை, தண்டவாளம் இல்லை, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலும் இல்லை. போதாக்குறைக்கு, அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் “சென்ட்ரல் ஸ்டேஷன்” என்று ஓர் இடம் இருக்கிறது. நம் சென்னைவாசிகளுக்கு இது ஒரு வேடிக்கையாக இருக்கும்! அடிவாரத்தில் கொட்டகுடிக்கு “பாட்டம் ஸ்டேஷன்” என்று பெயர். ஆக மொத்தம் மூன்று ஸ்டேஷன். ரயில் ஒன்றுகூட இல்லை. போனது எங்கே? கொஞ்சம் தேடிப் பார்ப்போம், வாருங்கள்.

கண்ணன் தேவன் மலைகளில் வெள்ளைக்காரர்கள் தேயிலை போட்டார்கள். விளைந்த தேயிலை சீமைக்குப் போகவேண்டுமே! அதற்காக 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு பாதை போட்டார்கள். அது விசித்திரமான பாதை. இரட்டைத் தண்டவாளம் அல்ல, ஒரே தண்டவாளம். சுமையில் பெரும் பங்கை அந்த ஒற்றைக் கம்பி தாங்கும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் நீட்டிக்கொண்டு தரையில் உருண்டு வரும். இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு மறு கையை வீசி நடக்கிறோமே, ஏறக்குறைய அதே சூட்சுமம்தான். இழுத்தது எஞ்சினா? இல்லை, காளை மாடுகள்!

1908-ல் மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. இரண்டு அடி அகலத்தில் முறையான தண்டவாளம் வந்தது, நீராவி எஞ்சின் வந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். மாட்டுப்பட்டி, பாலாறு வழியாகத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் போய்ச் சேரும். அங்கே மலை சட்டென்று முடிந்து, கீழே கிடுகிடு பள்ளம். ரயிலால் இறங்க முடியாது. ஆகவே பெட்டிகள் ரோப்வே கம்பியில் தொங்கியபடி சுமார் ஐந்து கிலோ மீட்டர் இறங்கி, கொட்டகுடியை அடையும். அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு மாட்டு வண்டி. அப்புறம் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கே பெரிய ரயில். தூத்துக்குடியில் கப்பல். லண்டன் சீமாட்டியின் கோப்பைக்குள் விழுவதற்கு முன்னால் அந்தத் தேயிலை என்ன பாடு பட்டிருக்கிறது, பாருங்கள்!

இத்தனை ஏற்பாடும் 22 ஆண்டுகள்தான் நிலைத்தது. 1924 ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. சுமார் மூன்று வாரம் விடவில்லை. கொல்லம் ஆண்டு 1099 ஆகையால், கேரளத்தில் இன்றும் அதைத் “தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்” என்றே சொல்கிறார்கள். மூணாறு நீரில் அமிழ்ந்தது. மலைகள் சரிந்தன, பாதையும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின. ரயிலை மறுபடி போடவே இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 1928-ல், போடிநாயக்கனூருக்கே ரயில் வந்தது. ஆனால் அதை எதிர்கொள்ள மலைமேல் தம்பி ரயில் இல்லை.

சரி, மிச்சம் என்ன? மூணாறு ஸ்டேஷன் கட்டடம் இடிக்கப்படவில்லை. மாற்றிக் கட்டி, தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் ஆக்கிவிட்டார்கள். அதன் வாசலில் இன்று கார்கள் ஓடும் சாலைதான் அன்று தண்டவாளம் கிடந்த இடம். பக்கத்தில் அலுமினியப் பாலம் என்று ஒன்று உண்டு. ரயில் கடந்த பாலம் அது. பத்து நிமிஷம் நின்று பாருங்கள்; அதன்மேல் போகிறவர்களில் ஒருவராவது ரயிலை நினைப்பதாகத் தெரியாது. டாப் ஸ்டேஷனில் ரோப்வே நிலையத்தின் சிதைவுகள் புல்லுக்குள் கிடக்கின்றன. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை மியூசியத்தில் ஒரு ரயில் சக்கரத்தை வைத்திருக்கிறார்கள். (அங்கே ஒரு கருங்கல் சூரிய கடிகாரமும் உண்டு. 1913-ல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.)

இதே ஒற்றைத் தண்டவாள முறையில் பட்டியாலா சமஸ்தானத்திலும் 1907 முதல் 1927 வரை ஒரு ரயில் ஓடியது. அதன் எஞ்சின் பல ஆண்டுகள் பழைய சாமான்களுக்கிடையே துருப்பிடித்துக் கிடந்தது. 1962-ல் கண்டெடுத்தார்கள், பழுது பார்த்தார்கள். டில்லி ரயில் மியூசியத்துக்குப் போனால் இன்றும் அதைக் காணலாம். மூணாறுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெள்ளம் கொண்டு போனதை எந்தக் கிடங்கில் போய்த் தேடுவது?

ஒரு சக்கரத்துக்காவது கண்ணாடியும் விளக்கும் கிடைத்தன. ஆனால் அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்கள் யார்? கங்காணிகள் கூட்டிப்போன நம் தமிழ்க் குடும்பங்கள். பெட்டி ரயிலிலும் கம்பியிலும் போயிற்று. கொழுந்து கிள்ளிய பெண்ணோ, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து நடந்தே மலை ஏறினாள். எத்தனை நாள் நடந்தாள், வழியில் எங்கே உலை வைத்தாள், வெள்ளத்தன்று எங்கே ஒதுங்கினாள் என்பதற்கெல்லாம் மியூசியத்தில் சீட்டு இல்லை. எஸ்டேட் லயன் வீடுகளில் வயதான பாட்டிமார்கள் இருக்கிறார்கள். தங்கள் பாட்டி சொன்னதாக அவர்கள் சொல்வதுதான் கடைசிச் சான்று. மூணாறு போகிறவர்கள் யானையையும் அணைக்கட்டையும் பார்க்க ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை அவர்களுக்குக் கொடுக்கலாம். “பாட்டி, உங்க வீட்டுலே முதல்லே மலைக்கு வந்தது யாரு?” என்று கேட்டால் போதும். பேச்சு தானாக வரும்.

போவதற்கு வசதி உண்டு. போடி பாதை அகலப்படுத்தும் வேலைக்காக 2010 கடைசியில் மூடப்பட்டிருந்தது. 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்தது, சென்னையிலிருந்தே ஏறலாம். ஆனால் குரங்கணிப் பாதையில் வனத் துறை அனுமதி இல்லாமல் ஏற வேண்டாம். 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் மாண்டது அந்தச் சரிவில்தான்.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவோ, கொள்ளுத் தாத்தாவோ எஸ்டேட் குமாஸ்தாவாக, கங்காணியாக, டாக்டர் ஐயாவாக மூணாறில் இருந்ததுண்டா? பரண் மேல் அவருடைய டிரங்குப் பெட்டி இருக்கிறதா? எடுத்துத் துடைத்துத் திறந்து பாருங்கள். ஒரு புகைப்படம், ஒரு கடிதம், ஒரு சம்பளச் சீட்டு கிடைக்கலாம். கிடைத்தால் இடமும் ஆளும் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். மை வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும்.