சேவல் நடையும் வெல்டிங் புகையும்



நம்ம நாமக்கல் பக்கம் இரண்டு தொழில் ரொம்பப் பேர் போனது. ஒன்று கோழிப்பண்ணை. இன்னொன்று லாரிக்குப் பாடி கட்டுவது. எங்க பெரியப்பா பண்ணையில் தீவனம் கலக்குகிறார். எங்க அப்பா பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இந்த இரண்டு இடத்திலும் ஒரே உலோகம் இருக்கிறது. அதுதான் மாங்கனீசு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாங்கனீசு எங்கே இருக்கிறது?

பழைய டார்ச் பேட்டரியை உடைத்தால் கையில் கறுப்பாக ஒட்டுமே, அந்தத் தூளில் மாங்கனீசு டை ஆக்சைடு இருக்கிறது. லேபில் தண்ணீரை ஊதா நிறமாக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் இருக்கிறது. எஃகு உறுதியாக இருக்கவும் இதைச் சேர்க்கிறார்கள். வெல்டிங் ராடிலும் அதன் மேல்பூச்சிலும் இது உண்டு. ராடு எரியும்போது புகையோடு சேர்ந்து வெளியே வரும்.

மாங்கனீசு உடம்புக்குக் கொஞ்சம் தேவைதான். கோழிக்குஞ்சின் தீவனத்தில் இது குறைந்தால் கால் மூட்டு வீங்கி, பின்னால் இருக்கும் தசைநார் இடம் நழுவி, கால் கோணிக்கொள்ளும். 1930களில் இதைக் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் தீவனத்தில் மாங்கனீசு சல்பேட் போன்றவற்றைக் கலக்கிறார்கள். அது எலும்பு, மூட்டு சம்பந்தப்பட்ட குறை. ஆனால் மாங்கனீசு மிஞ்சினால் கெடுவது மூளை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதற்கு அப்படியே பொருந்தும்.

மனிதர்களுக்கு என்ன ஆனது?

1837-ல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், அந்தக் கறுப்புத் தூளை அரைத்த தொழிலாளிகள் சிலருக்குக் கால் தளர்ந்து தள்ளாட ஆரம்பித்தது. கூப்பர் என்ற மருத்துவர் அதை எழுதி வைத்தார். பிறகு சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகளிடமும் இதே நோயைப் பார்த்தார்கள். முதலில் தூக்கம் வராது, காரணம் இல்லாமல் சிரிப்பு வரும், அழுகை வரும், கோபம் வரும். அப்புறம் பேச்சு குழறும், முகத்தில் அசைவு குறையும், உடம்பு விறைக்கும். குதிகால் தரையில் படாமல் முன்காலை ஊன்றி நடப்பார்கள். டாக்டர்கள் இதற்கு வைத்த பெயரே 'சேவல் நடை'. பின்பக்கமாக நடக்கச் சொன்னால் விழுந்துவிடுவார்கள்.

1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய நடுக்குவாத நோய் மாதிரியே இது தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதைப் புரியவைத்ததில் விலங்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

விலங்குகள் சொன்ன பாடம்

உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் விஞ்ஞானிகள் விலங்குகளுக்கு அந்த உலோகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1924-ல் மெல்லா என்பவர் ரீசஸ் குரங்குகளுக்கு மாங்கனீசு குளோரைடு ஊசி போட்டார். குரங்குகளுக்குக் கை கால் தானாக ஆடியது, பிறகு விறைத்துப் போனது. கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போகும்போது நாம் பார்க்கிற குரங்குக்கு அது நெருங்கிய சொந்தம்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. லக்னோவில் 1965-ல் தொடங்கிய தொழில் நச்சியல் ஆராய்ச்சி மையத்தில் எஸ்.வி.சந்திராவும் அவருடன் இருந்தவர்களும் எலி, குரங்கு முதலியவற்றில் சோதித்தார்கள். 1981-ல் வெளிவந்த ஆய்வில், எலிகளுக்கு ஒரு வருடம் மாங்கனீசு கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். டோபமைன் என்பது மூளையில் அசைவுக்கு வேண்டிய ஒரு ரசாயனம். அது முதலில் கூடியது, நாளாக நாளாகக் குறைந்தது. மனிதனுக்கும் முதலில் படபடப்பு, அப்புறம் விறைப்பு என்று வருவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் எலி எல்லாவற்றையும் சொல்லாது. அதன் மூளையில் மாங்கனீசு சேரும், ரசாயனம் மாறும். ஆனாலும் மனிதனைப் போன்ற நடைக்கோளாறு அதற்குத் தெளிவாக வருவதில்லை. குரங்குக்கு வரும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் குரங்குக்கும், புகையில் வேலை செய்யும் வெல்டருக்கும் மூளையின் ஆழத்தில் குளோபஸ் பாலிடஸ் என்ற ஒரே இடம் பளிச்சென்று தெரியும். மாங்கனீசு அங்கேதான் அதிகம் தங்குகிறது. பார்க்கின்சன் நோயில் கெடுவது வேறு இடம். அதனால்தான் அந்த நோய்க்குக் கேட்கும் லெவோடோபா மாத்திரை, மாங்கனீசு நோய்க்குச் சரியாகக் கேட்பதில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டில் மாங்கனீசு அதிகமாக வந்தால் குடல் குறைவாக எடுத்துக்கொள்ளும், ஈரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ளும். மூச்சில் போனால் இந்தக் காவல் கிடையாது. நுரையீரலில் இருந்து ரத்தத்துக்குப் போய் நேரே மூளைக்குப் போகும். எலிகளில் மூக்கு நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் மாங்கனீசை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. வாராவாரம் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்!

எங்க வீட்டில்

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குப் பயமாகிவிட்டது. வாசலில் அப்பாவைப் பின்பக்கமாக நடக்கச் சொன்னேன். "என்ன கண்ணு இது கூத்து?" என்று சிரித்துக்கொண்டே பத்து அடி நடந்தார். தடுமாறவில்லை. அம்மாதான், "அந்தாளைத் தண்ணித் தொட்டியில தள்ளிப்போடாத" என்று சத்தம் போட்டார். நான் செய்தது விளையாட்டுதான், அதை வைத்து நோய் இருக்கு, இல்லை என்று சொல்லக்கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். வெல்டிங் செய்கிற எல்லாருக்கும் இது வந்துவிடாது. எவ்வளவு புகை, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தது.

அப்பா மூக்கில் துண்டு கட்டிக்கொள்வார். "இருபது வருசமா இப்படித்தான், என்ன ஆச்சு?" என்பார். ஆனால் வெல்டிங் புகைத்துகள் மிகமிக நுண்ணியது. துண்டின் இழைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். அதனால் நான் அவரிடம் சொன்னவை:

1. புகை முகத்தில் அடிக்காமல், காற்று பக்கவாட்டில் போகும்படி நின்று வேலை செய்யணும்.
2. டேங்கர் உள்ளேயும் கேபின் உள்ளேயும் புகையை வெளியே இழுக்கும் ஃபேன் இல்லாமல் வெல்டு வைக்கக்கூடாது.
3. துண்டுக்குப் பதில் வெல்டிங் புகையை வடிகட்டும் மாஸ்க் போடணும்.
4. கை நடுக்கம், எழுத்து சிறுத்துப் போவது, நடை மாற்றம் இருந்தால் டாக்டரிடம் "நான் வெல்டர்" என்று முதலில் சொல்லணும்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மாங்கனீசு நஞ்சும் இருந்தது. அதனால் இதைக் கேட்பது தப்பில்லை என்றும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் பட்டறையில் எல்லாரும் சேர்ந்து முதலாளியிடம் ஃபேன் கேட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. மாஸ்க் மட்டும் அப்பா வாங்கிவிட்டார்.

அந்தக் குரங்குகளையும் எலிகளையும் நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அவை பட்ட கஷ்டத்தில் தெரிந்துகொண்டதை நம்ம ஊர்ப் பட்டறைகளுக்குச் சொல்லாமல் விட்டால் அது இன்னும் பெரிய பாவம். உங்கள் வீட்டிலும் வெல்டர் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி