கணவருக்கு வேலை போச்சு, மனைவிக்கு சம்பளம் வருது... பிரிட்டனில் வேலையின்மை உதவித்தொகை கிடைக்குமா?

லண்டனில் இருவரும் வேலைக்குப் போகும் ஒரு தம்பதி. கணவரின் நிறுவனம் ஆட்குறைப்பு என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மனைவியின் சம்பளம் மட்டும் வருகிறது. 'வீட்ல ஒருத்தர் சம்பாதிக்கிறாங்களே, நமக்கு எங்க கொடுக்கப் போறாங்க' என்று பலரும் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால், துணைவரின் சம்பளத்தைக் கணக்கில் எடுக்காத உதவித்தொகை ஒன்றும் பிரிட்டனில் இருக்கிறது.

எத்தனை வகை உதவித்தொகை இருக்கு?

முக்கியமாக இரண்டு. ஒன்று 'நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ்', சுருக்கமாக ஜேஎஸ்ஏ. இன்னொன்று 'யுனிவர்சல் கிரெடிட்'.

ஜேஎஸ்ஏ என்பது, வேலையில் இருந்தபோது சம்பளத்தில் பிடிக்கப்பட்ட தேசிய காப்பீட்டுத் தொகையின் அடிப்படையில் தரப்படுவது. துணைவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், வங்கியில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை.

யுனிவர்சல் கிரெடிட் அப்படி இல்லை. சேர்ந்து வாழும் தம்பதி கூட்டாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இருவரின் வருமானமும் சேமிப்பும் கணக்கில் வரும்.

ஜேஎஸ்ஏ எவ்வளவு கிடைக்கும்?

2025-26 நிதியாண்டில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வாரம் 92.05 பவுண்டு வரை, 25-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு 72.90 பவுண்டு வரை. அதிகபட்சம் 182 நாட்கள், அதாவது சுமார் 6 மாதங்கள். முதல் 7 நாட்களுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. இந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் முழுக் காலமும் வாங்கினால் சுமார் 2,390 பவுண்டு. அதோடு தேசிய காப்பீட்டுக் கணக்கிலும் வரவு ஏறும். பின்னாளில் அரசு ஓய்வூதியத்துக்கு அது உதவும்.

யாருக்குக் கிடைக்காது?

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். விண்ணப்பிக்கும் காலண்டர் ஆண்டுக்கு முன்பு முடிந்த இரண்டு முழு வரி ஆண்டுகளைத்தான் பார்ப்பார்கள். 2026-ல் விண்ணப்பித்தால் 2023-24, 2024-25 ஆகிய ஆண்டுகள். எனவே 2025 நடுவில் பிரிட்டனுக்கு வந்து வேலையில் சேர்ந்தவருக்கு வாய்ப்பு இருக்காது. சுயதொழில் மட்டும் செய்தவர்களுக்கும் பொதுவாகக் கிடைக்காது.

விண்ணப்பிப்பவர் வாரம் 16 மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் வேலை பார்க்க வேண்டும். துணைவர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாலும் பிரச்னை இல்லை.

யுனிவர்சல் கிரெடிட் கணக்கு எப்படி?

ஒருவராவது 25 வயதைத் தொட்ட தம்பதிக்கு அடிப்படைத் தொகை 2025-26-ல் மாதம் 628.10 பவுண்டு. குழந்தை இல்லாத, உடல்நலப் பிரச்னை இல்லாத தம்பதி என்றால், கையில் வாங்கும் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் இதிலிருந்து கழிக்கப்படும்.

மனைவி கையில் வாங்கும் சம்பளம் மாதம் 1,800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கழிவு 990 பவுண்டு. சொந்த வீட்டில் இருக்கும் தம்பதிக்கு வாடகை உதவி இல்லை என்பதால் கையில் வருவது பூஜ்யம். வாடகை வீட்டில் இருந்து, வாடகைக்காக 700 பவுண்டு சேர்க்கப்பட்டால், மொத்தம் 1,328.10-ல் 990 போக 338.10 பவுண்டு மிஞ்சும்.

இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜேஎஸ்ஏ தொகை முழுவதும் யுனிவர்சல் கிரெடிட்டில் கழிக்கப்படும்.

ஆட்குறைப்பு இழப்பீடு வந்தா என்னாகும்?

ஒரே நிறுவனத்தில் 2 ஆண்டுகள் முடித்தவர்களுக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. இந்தப் பணம் ஜேஎஸ்ஏ-வைப் பாதிக்காது. ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டில் அது சேமிப்பாகக் கருதப்படும். தம்பதியின் மொத்த சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் உதவி குறையும். 16,000-ஐத் தாண்டினால் கிடையவே கிடையாது.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

வேலை விசாவில் இருக்கும் பலருக்கு 'அரசு நிதி உதவி பெறக் கூடாது' என்ற நிபந்தனை உண்டு. யுனிவர்சல் கிரெடிட் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. தெரியாமல் வாங்கினால் விசாவுக்கே சிக்கல் வரலாம். காப்பீட்டுப் பங்களிப்பு அடிப்படையிலான நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் ஸ்பான்சர் விசாவில் வேலை போனவருக்கு, புதிய ஸ்பான்சரைத் தேட வழக்கமாக 60 நாட்கள்தான் தரப்படும். அவர்களுக்கு உதவித்தொகையைவிட இதுதான் அவசரம்.

உடனே என்ன செய்யணும்?

* வேலை முடிந்ததும் தாமதிக்காமல் அரசின் 'கவ்.யூகே' தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே ஜேஎஸ்ஏ-வை 3 மாதம் வரை பின்தேதியிட்டுக் கேட்க முடியும்.
* தேசிய காப்பீட்டு எண், வங்கி விவரம், பி45 படிவம் ஆகியவற்றை எடுத்து வைக்க வேண்டும்.
* ஜாப் சென்டர் சந்திப்பைத் தவறவிடக் கூடாது. வேலை தேடியதற்கான விவரங்களைக் காட்ட வேண்டும்.
* சந்தேகம் இருந்தால் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பில் இலவசமாக ஆலோசனை பெறலாம். விசா நிபந்தனை இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.