மயக்க மருந்துக்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்லோவில் இருதயச் சத்திரசிகிச்சைக்குச் செல்பவரை, மயக்க மருந்து வைத்தியரும் முன்கூட்டியே சந்திப்பார். எம்மவர் பலர் இதனை வெறும் சம்பிரதாயமாகவே கருதி, கேட்பவற்றுக்கெல்லாம் "ஓம், ஓம்" எனத் தலையசைத்துவிடுகின்றனர்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நாமறிந்த பெரியவர் ஒருவரின் கட்டிலருகே இருந்தோம். அவரது பன்னிரண்டு வயதுப் பேத்தியே வைத்தியரின் கேள்விகளைத் தமிழாக்கினாள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்பது ஒரு கேள்வி. "இல்லைப் பிள்ளை" என்றார் பெரியவர். தம் வீட்டுப் படிகளில் அவர் இருமுறை நின்று இளைப்பாறுவதை நாம் கண்டிருக்கிறோம். பேத்தி பயந்துவிடுவாளே என்பதுதான் அவரது கவலை. நாம் குறுக்கிட்டு உண்மையைச் சொன்னோம். அவர் எம்மை முறைத்துப் பார்த்தார். வைத்தியரோ மூடிய பேனாவை மீண்டும் திறந்தார்.

அது வீண் கேள்வியன்று. மயக்க மருந்துகள் குருதி அழுத்தத்தைக் குறைக்கக்கூடியவை. இருதய வால்வு ஒடுங்கியவருக்கு அவ்வீழ்ச்சி பேராபத்தாகலாம். ஆடும் பல் உண்டா என வினவுவது, சுவாசக் குழாய் செலுத்தும்போது அது கழன்று விழக்கூடும் என்பதனால். விழுங்குவதில் சிரமம் உண்டா என்பதற்கும் காரணமுண்டு: சத்திரசிகிச்சையின்போது உணவுக்குழாய் வழியே ஒரு கருவியைச் செலுத்தி இருதயத்தைப் படம்பிடிப்பர். உறவினர் எவருக்கேனும் மயக்க மருந்தினால் விபரீதம் நேர்ந்ததா எனவும் கேட்பர். அத்தகைய சில கோளாறுகள் பரம்பரையாக வருபவை.

நீரிழிவைப் பற்றிச் சிறப்பாகச் சொல்லவேண்டும். 2002இல் ஒஸ்லோவில் குடிவரவாளரிடையே நடந்த சுகாதார ஆய்வில், இலங்கையரிடம் அந்நோய் மிகுந்திருப்பது தெரியவந்தது. நீரிழிவு மாத்திரைகளுள் சிலவற்றையும், குருதி உறையாதிருக்க எடுப்பவற்றையும் சில நாட்கள் முன்னரே நிறுத்த நேரிடும். எதனை, எப்போது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். ஊரிலிருந்து வந்த சூரணத்தையும் மறைக்காது காட்டுங்கள். திட உணவுக்கு ஆறு மணிநேரமும் தெளிந்த பானங்களுக்கு இரண்டு மணிநேரமும் இடைவெளி என்பதே பொதுவான விதி. எம்மவரின் பால் தேநீர் தெளிந்த பானமன்று!

2022இல் நடைமுறைக்கு வந்த நோர்வேயின் மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தடுக்கிறது. தகுதியுள்ள ஒருவரை ஒழுங்குசெய்வது வைத்தியசாலையின் பொறுப்பு. நோயாளி கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. அழைப்புக் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.