காத்திருந்து கண்டுபிடிக்கும் கருவி

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்துக் காப்பாற்றும் பெட்டி இன்குபேட்டர் ஆகும். அத்தகைய ஒரு பெட்டியில் வெப்பத்தை அளந்து சொல்லும் சிறு சில்லு ஒன்று நாள் முழுவதும் ஒழுங்காகப் பதில் கூறிவிட்டு, நாளில் ஒரே ஒரு முறை மட்டும் மௌனம் சாதிப்பதாக வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பவர் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். அதற்காக அப்படியே விட்டுவிட முடியுமா? இப்படி ஒளிந்து விளையாடும் பழுதைப் பிடிக்க உதவுவதே லாஜிக் அனலைசர் என்னும் கருவி.

தோழியரே, இலக்கமுறை மின்சுற்றுகளின் மொழியில் இரண்டே எழுத்துகள்தாம். கம்பியில் மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் 0, உயர்ந்திருந்தால் 1. பல கம்பிகளின் நிலையை ஒரே நேரத்தில் பதிவு செய்து காட்டுவது இக்கருவியின் வேலை. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1973-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவியை வெளியிட்டது.

கருவியின் நினைவகத்திற்கு ஓர் எல்லை உண்டு. வினாடிக்கு 10 இலட்சம் பதிவுகள் செய்யும் கருவியில் 10 இலட்சம் பதிவுகளுக்கே இடம் இருக்குமானால், அது ஒரே வினாடியில் நிரம்பிவிடும். ஒரு நாளுக்கோ 86,400 வினாடிகள்! ஆகவே, பழையதை அழித்துப் புதியதை எழுதியவாறு கருவி காத்திருக்கிறது. எது நிகழும்போது பதிவை நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் இடும் கட்டளையே டிரிகர் நிபந்தனை எனப்படும். அது மூன்று வகைப்படும் எனலாம்.

1. விளிம்பு: ஒரு கம்பி 0-இலிருந்து 1-க்கு ஏறும்போது, அல்லது 1-இலிருந்து 0-க்கு இறங்கும்போது.

2. கோலம்: பல கம்பிகளும் ஒரே சமயத்தில் நாம் குறித்த நிலையில் இருக்கும்போது. எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை என்னும் கம்பிக்கு எக்ஸ் என்று குறிக்கலாம்.

3. வரிசை: முதலில் இது, அடுத்து அது என ஒன்றன்பின் ஒன்றாக நிகழும்போது.

இனி நம் பெட்டிக்கு வருவோம். அதில் உள்ளது எல்எம்75 என்னும் வெப்பச் சில்லு என்போம். அது ஐ2சி முறையில் தரவுக் கம்பி, கடிகாரக் கம்பி ஆகிய இரண்டின் வழியே பேசும். கடிகாரக் கம்பி 1-இல் இருக்கும்போது தரவுக் கம்பி 1-இலிருந்து 0-க்கு இறங்கினால் பேச்சுத் தொடங்குகிறது என்று பொருள். இதுவே வரிசையின் முதற்படி. அடுத்து ஏழு கடிகாரத் துடிப்புகளில் 1001000 என்னும் அதன் முகவரி வருகிறதா எனப் பார்ப்பது இரண்டாம் படி. எட்டாம் துடிப்பு படிப்பதா, எழுதுவதா என்பதைச் சொல்லும். அதற்கு எக்ஸ் இடுவோம். ஒன்பதாம் துடிப்பில் சில்லு தரவுக் கம்பியை 0-க்கு இழுத்தால் 'கேட்டேன்' என்று பொருள். அது 1-ஆகவே நின்றால் பதில் இல்லை. அதுவே மூன்றாம் படி. அப்போதுதான் டிரிகர் நிகழ வேண்டும். பதில் வந்துவிட்டால் கருவி முதற்படிக்கே திரும்பிக் காத்திருக்கும்.

வெறும் விளிம்பை மட்டும் நிபந்தனையாக வைத்திருந்தால், கருவி முதல் பேச்சிலேயே நின்றுவிடும். நமக்குக் கிடைப்பது நலமாக நடந்த உரையாடலே அன்றோ!

மற்றொன்றும் முக்கியம். விளைவுக்கு முன்பே காரணம் நிகழ்ந்துவிடுகிறது. ஆதலால் நினைவகத்தின் முக்கால் பங்கை டிரிகருக்கு முந்திய நேரத்திற்கு ஒதுக்குவது நன்று. சூடேற்றியை இயக்கும் கம்பியையும் மூன்றாவதாக இணைத்தால், ஒவ்வொரு மௌனத்திற்கும் சற்று முன்பு அது இயங்கியதா என்பது தெரிந்துவிடும். ஆயினும், ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே வந்து மறையும் துடிப்பு கருவியின் கண்ணில் படாமல் போகலாம். அந்த ஐயம் இருந்தால் பதிவின் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

விளக்குடன் எண்ணெயும் கொண்டு காத்திருந்த அறிவுள்ள கன்னியர் ஐவரை நாம் அறிவோம். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதை அறிந்து அவர்கள் ஆயத்தமாய் இருந்தனர். கருவிக்கும் அதை நாமே தெளிவாகச் சொல்ல வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று சரியாகக் கேட்கத் தெரிந்தால், பாதிப் பழுது அப்போதே தீர்ந்ததாகும்!