முற்றத்தில் நிற்கும் படகு

கலிபோர்னியாவில் 1969இல் ஃபிராங்க் பட்லர் கொண்டுவந்த கேட்டலினா 22 பாய்மரப் படகின் அகலம் 7 அடி 8 அங்குலம். அந்த அளவைத் தீர்மானித்தது கடல் இல்லை, ரோடு. அன்றைய அமெரிக்கச் சாலைகளில் 8 அடிக்கு மேல் அகலமானதைத் தனி அனுமதி வாங்காமல் இழுத்துப்போக முடியாது.

படகுத்துறையில் மாத வாடகை கட்டி மாளாத குடும்பங்களுக்கான படகு அது. வாரமெல்லாம் வீட்டு முற்றத்தில் டிரெய்லரில் நிற்கும். சனிக்கிழமை காலையில் காரில் மாட்டி ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். வி8 எஞ்சினும் பின்சக்கர இழுவையும் கொண்ட ஸ்டேஷன் வேகன் அப்போது சாதாரணக் குடும்பக் கார். ஒரு டன் படகை, டிரெய்லரும் சேர்த்து, முனகாமல் இழுக்கும்.

கரைக்குப் போன பிறகுதான் வேலையே. பாய்மரத்தைக் கையால் நிமிர்த்த வேண்டும், அதற்கு முன் மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்தாக வேண்டும். மரம் என்று பெயர், ஆனால் அலுமினியம். டிரெய்லர் விளக்கின் பிளக்கைக் கழற்ற வேண்டும்; சூடான பல்பில் தண்ணீர் பட்டால் பொட்டென்று போய்விடும். சக்கர பேரிங் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஓடிச் சூடேறிய பேரிங்கைக் குளிர்நீரில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையோரம் நின்று புகையும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவசரக்காரர்களுக்கு ஆகாத படகு. மிதந்ததும் வின்ச்சைச் சுற்றி, அடிவயிற்றிலிருக்கும் 250 கிலோ வார்ப்பிரும்பு ஏராவை (கீலை) இறக்கினால், இரண்டடி ஆழத்தில் நின்ற படகு ஐந்தடிக்குக் காலை நீட்டும்.

இன்று எல்இடி வந்து பிளக் கழற்றும் வேலையைக் குறைத்துவிட்டது. கார்தான் கைவிட்டது. இப்போதைய குடும்பக் கார் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. பாசி படிந்த சரிவில் பின்பக்கத்தைப் பாரம் அமுக்க, முன்சக்கரம் பிடிமானமின்றிச் சுற்றும். அதனால் பிக்கப்போ பெரிய எஸ்யூவியோ தேவைப்படுகிறது. படகுக்காக வண்டி வாங்கும் கதை.

இன்னொரு படகுத் தயாரிப்பாளரான ரோஜர் மாக்கிரெகர் இந்தப் பாரத்துக்கு ஒரு வழி செய்தார். 1980களில் வந்த அவருடைய 26 அடிப் படகில் அடிப்பாரமாக இரும்புக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி. நீரில் இறங்கியதும் நிரப்பிக்கொள்ளலாம், கரையேறும்போது வடித்துவிடலாம். கெட்டிக்காரத்தனம்தான். 1990களில் அதே வரிசைப் படகு 50 குதிரைத்திறன் மோட்டாரோடு வந்தது. பாய், சொந்த வீட்டிலேயே ஒண்டுக்குடித்தனம் ஆனது. எனக்கு அது ரசிக்கவில்லை. 2013இல் மாக்கிரெகரின் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

புதுப் படகு விற்பவருக்குப் போட்டி அவருடைய பழைய படகுகளேதான். ஃபைபர்கிளாஸ் மட்குவதில்லை, ஐம்பது வயதுக் கேட்டலினாக்கள் இன்னும் மிதக்கின்றன. உப்புநீரில் இறங்கி ஏறிய இரும்பு டிரெய்லருக்கு அந்த ஆயுள் இல்லை. பழைய படகு பார்க்க வருகிறவர் பாயை விரிக்கச் சொல்வதில்லை. முதலில் முழங்காலிட்டு, டிரெய்லரின் சட்டத்தைச் சாவியால் தட்டிப் பார்க்கிறார்.