காளான் பொடியா? உஷார்!

பரளச்சிப் பக்கம் யாராவது "கானோடெர்மா காப்பி, சுகருக்குக் கைகண்ட மருந்து" என்று டப்பாவை நீட்டினால், காசை எடுக்குமுன் கொஞ்சம் நில்லுங்கள். வீட்டில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு க்ளோபிடோக்ரெலோ, வால்வு மாற்றி வார்ஃபரினோ போடுகிறவர் இருந்தால், அந்த டப்பா வாசல்படியைத் தாண்டவே கூடாது.

கானோடெர்மா என்கிற இந்தக் காளானில் சத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, பயமே அதனால்தான். பீட்டா குளுக்கான் ஒரு பக்கம்; பொடிக்குக் கசப்பைத் தரும் கானோடெரிக் அமிலங்கள் இன்னொரு பக்கம். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் பொருள்களும் இந்தக் காளானில் உண்டென்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை செய்கிற வேலையைப் பொடியும் செய்தால், சின்னக் காயத்தில்கூட ரத்தம் நிற்க மறுக்கலாம். சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.

"மூலிகைதானே, என்ன செய்யும்?" என்பார்கள். ஹாங்காங்கிலிருந்து 2004-லும் தாய்லாந்திலிருந்து 2007-லும் மருத்துவ இதழ்களில் வந்த பதிவுகள் இருக்கின்றன. அந்த நோயாளிகளுக்கு இதே காளானைக் கஷாயம் வைத்துக் குடித்தவரைக்கும் தொந்தரவில்லை. பொடிக்கு மாறிய ஓரிரு மாதத்தில் கல்லீரல் கெட்டது. தாய்லாந்து நோயாளி இறந்தே போனார். பொடிதான் காரணம் என்று கல்வெட்டில் வெட்ட முடியாதுதான். ஆனால் சோதித்துப் பார்க்க நம் ஈரலா கிடைத்தது?

காசு மிச்சம் என்று வீடியோ பார்த்துவிட்டு, தென்னை மூட்டில் முளைத்ததைப் பெயர்த்துக் காயப்போடுவது அதைவிட மோசம். தென்னையைச் சாய்க்கும் தஞ்சாவூர் வாடல் நோயே கானோடெர்மா இனத்தால் வருவதுதான். அதற்கு ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை வேரில் கட்டியிருப்பார்கள். அந்த மரத்துக் காளானை அரைத்தா குடிப்பது?

டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம், மருந்துக்கானது அல்ல. சர்க்கரையையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது.

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். பல் பிடுங்கப் போனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஈறில் ரத்தம், கறுத்த மலம், கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டப்பாவும் கையோடு போகட்டும். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.